முதல் பாடம்: ஒரு நத்தை

சட்டக் கல்லூரியில் சேருகிறவர்கள் கொலை, குறுக்கு விசாரணை என்று ஆசையோடு போவார்கள். தீங்கியல் சட்ட வகுப்பில் அவர்களை வரவேற்பது ஒரு நத்தை!

1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், டோனஹூ என்ற பெண்மணிக்கு நண்பர் ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்தாயிற்று, மீதியை ஊற்றினால், அழுகிய நத்தை விழுந்ததாம். காசு கொடுத்தவர் நண்பர். ஆகவே கடைக்காரரோடு டோனஹூவுக்கு ஒப்பந்தம் இல்லை. அதனால் அவர் கடைக்காரரை விட்டுவிட்டு, தயாரித்தவர் மேல் வழக்குப் போட்டார். குடிப்பவர் விஷயத்தில் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டென்று 1932-ல், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மூன்றுக்கு இரண்டு!

வேடிக்கை என்னவென்றால், பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. நடந்ததா என்பது ஒரு கேள்வி. நடந்திருந்தால் யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் பாதி வக்கீல்!