முதலில் அளவு நாடா

(இளையர் விரைவோட்ட, லாவகப் பயிற்சி முகாமுக்கு முன் நடந்த பெற்றோர், தொண்டூழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரும் சனிக்கிழமை காலை நம் பிள்ளைகள் 40 பேர் திடலுக்கு வருகிறார்கள். என்ன பயிற்சி என்பதைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். சாமான்களைத் தயார்செய்வது பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். பொருத்தம்தான். அதில் முன்பு தவறு செய்தவன் நான்.

முதல் முகாமுக்குப் பதாகை அடித்தோம், சட்டை அடித்தோம், பிரியாணிக்கும் சொல்லிவிட்டோம். அளவு நாடா வாங்க மறந்துவிட்டோம். 20 மீட்டர் ஓட்டத்துக்கு நான் 25 எட்டு வைத்துக் கோடு போட்டேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் 3.6 வினாடியில் ஓடினான். இரண்டு மாதம் விடாமல் பயிற்சிக்கு வந்தான். மறுபடி ஓடவிட்டபோது 3.7 வினாடி. "என்னப்பா, குறைஞ்சு போச்சே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மறுவாரம் அவன் வரவில்லை.

இரண்டாவது முறை கோடு போட்டவர் என்னைவிட நெட்டையான ஒரு தொண்டூழியர். பிறகு நாடா வாங்கி அளந்து பார்த்தோம். என் 25 எட்டு 18.5 மீட்டர். அவருடையது 20 மீட்டர். பையன் ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறான். அவன் வேகம் குறையவில்லை, கூடியிருந்தது.

நம் நாட்டு வீரர் சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2001இல் யு. கே. ஷியாம் 10.37 வினாடியில் முறியடித்தார். 33 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த முன்னேற்றம், ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. ஓட்டத்தில் அளவுக்கு அவ்வளவு மதிப்பு. நாங்களோ காலால் அளந்தோம்.

ஆகவே முதல் சாமான், 30 மீட்டர் நாடா. அடுத்தது நிறுத்துக் கடிகாரம். கையால் அழுத்தும்போது வினாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகும். அதனால் ஒரே ஆள் எல்லாருக்கும் நேரம் பிடிக்க வேண்டும். இரண்டு முறை ஓடவிட்டு நல்ல நேரத்தை எழுதுங்கள். அந்தச் சிறு வித்தியாசத்துக்காக எந்தப் பிள்ளையையும் குறை சொல்லாதீர்கள்.

இனி எண்ணிக்கை. 40 பேரை ஐந்து இடமாகப் பிரித்தால், இடத்துக்கு எட்டுப் பேர். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தடம், தடத்துக்கு நால்வர். ஒருவர் ஓட, மூவர் இளைப்பாறலாம். ஒரே ஏணியை வைத்து 40 பேரை வரிசையில் நிறுத்தினால், பிள்ளை வரிசையில் நிற்கத்தான் பழகும்.

முதல் இடத்துக்குத் தரையில் விரிக்கும் ஏணி இரண்டு. சட்டங்கள் வளைந்திருந்தால் கால் மாட்டும். நான்கு மூலையிலும் முளை அடியுங்கள். இரண்டாவது இடத்துக்குத் தாழ்ந்த தடைகள் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் உயரம் போதும். கால் பட்டால் உடனே சாய வேண்டும். செங்கல் மேல் கம்பு வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

மற்ற மூன்று இடங்களுக்கும் கூம்புகள். 'டி' வடிவ ஓட்டத்துக்குத் தடத்துக்கு நான்கு. போய்த் திரும்பும் ஓட்டத்துக்கு மூன்று. 20 மீட்டருக்கும் மூன்று: தொடக்கம், முடிவு, அதற்கு அப்பால் 10 மீட்டரில் ஒன்று. வேகமாக வரும் பிள்ளை நிற்க இடம் வேண்டும், சுவர் அல்ல. மொத்தம் 20 கூம்பு. உடைவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து 30 வாங்குவோம்.

வெள்ளி மாலை நால்வர் திடலை நடந்து பார்க்க வேண்டும். குழி, கண்ணாடித் துண்டு, நீர்க்குழாய் மூடி, எல்லாம். மழை பெய்தால் புளோக் கீழ்த்தளத்துக்குப் போகலாம் என்கிறார்கள். ஈரத் தரையில் திசைமாறி ஓடினால் வழுக்கும். அங்கே ஓட்டம் கூடாது. இடி கேட்டால் உடனே கூரைக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மகள்களின் முக்காட்டில் ஊசி வேண்டாம். தலையோடு பொருந்தும் துணியாக இருக்கட்டும். ஓடும் காலணி இல்லாத பிள்ளை இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய காலணிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. யாருக்கும் தெரியாமல் அளவு பார்த்துக் கொடுப்பேன். தண்ணீர்ப் புட்டியில் பெயர் எழுதி அனுப்புங்கள்.

அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அளவு தவறியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல அங்கிள்" என்றான். ஆனால் திரும்பி வரவில்லை. இந்த முகாமுக்கு அவன் தங்கை பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் ஓடும் 20 மீட்டர், 20 மீட்டராகவே இருக்க வேண்டும். நாடா பிடிக்க ஒருவர் மறுமுனைக்கு வேண்டும். யார் வருகிறீர்கள்?