ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பொன்றில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தீர்கள். "பஸ்ஸுக்கே காசு தேடுகிறவர்கள் நாம், விமானம் நமக்கெதற்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேச வந்தது யந்திரத்தைப் பற்றி. அது நின்றுபோகும் வேளையைப் பற்றி. அப்போது வேலையைத் தாங்கிப் பிடிக்கும் தொழிலாளியைப் பற்றி.

விமானம் தன்னிஷ்டப்படி பறப்பதில்லை. கீழே ஒரு கூடத்தில் கட்டுப்பாட்டு ஊழியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் வானத்தின் ஒரு பகுதி. ராடார் திரையைப் பார்த்து, 'நீ இந்த உயரத்தில் போ, நீ சற்றுப் பொறு' என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எந்த விமானம் எவ்வழியே வருகிறது என்ற பிரயாணத் திட்டம் முன்கூட்டியே அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும். அதைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

2023 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை. பிரிட்டனில் விடுமுறை நாள். அமெரிக்காவிலிருந்து பாரிஸ் செல்லும் ஒரு விமானத்தின் திட்டம் வந்தது. அதில் இரண்டு இடங்களுக்கு ஒரே மூன்றெழுத்துக் குறி. ஒன்று பிரான்ஸில், மற்றது அமெரிக்காவில். நம் ஜில்லாவில் எத்தனை புதூர்கள்! தபால்காரர் குழம்பினால் நாலுபேரை விசாரிப்பார். இல்லையேல் அந்த ஒரு கடிதத்தை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கொடுப்பார். இந்த யந்திரத்துக்கோ ஒதுக்கத் தெரியவில்லை. பிழையான தகவல் ஊழியரிடம் போய்விடக் கூடாதென்று, வேலை முழுவதையும் நிறுத்திக்கொண்டது.

மாற்று யந்திரம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அதற்குள்ளும் அதே புரோகிராம்தான். அதுவும் அதே திட்டத்தைப் படித்தது. அதே இடத்தில் நின்றது. எல்லாம் 20 விநாடிக்குள் முடிந்தது.

தோழர்களே, ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் போட்டால், ஒன்று முறிந்தாலும் மற்றது இறைக்கும். கிணறே வற்றினால்? இரண்டும் வெறுங்கூனைத்தான் தூக்கும்!

யந்திரத்தை மறுபடி முழுதாகக் கிளப்ப இன்ஜினியர் நேரில் வந்தாக வேண்டும். அன்று அவர் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தார். வந்து சேர ஒன்றரை மணி நேரம். இடையில் ஊழியர்கள் திட்டங்களைக் கையால் பதிந்தார்கள். மணிக்கு அறுபது அளவில்தான் முடிந்தது. 7 லட்சத்துக்கும் அதிகமான பிரயாணிகள் அவதிப்பட்டார்கள். ஆனால் ஒரு விமானமும் மோதவில்லை. கையால் ஆகிற அளவுக்கு வானத்தில் கூட்டத்தைக் குறைத்தார்கள். அதுதான் முறை.

அமெரிக்காவுக்கு வருவோம். 2025 ஏப்ரல் 28 அன்று நியூயார்க் பக்கத்திலுள்ள நெவார்க் நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனிக்கும் கூடத்தில் ராடாரும் ரேடியோவும் ஏறத்தாழ 90 விநாடி செத்துப்போயின. தலைக்கு மேலே விமானங்கள். கண்ணும் இல்லை, குரலும் இல்லை. மனம் அதிர்ந்து சில ஊழியர்கள் விடுப்பில் போனார்கள். அதன் பிறகு புதுச் சாதனங்களுக்காக 1,250 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நல்லது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் சர்க்கார் செலவுக்கு அனுமதியின்றி 43 நாள் முடங்கியபோது, அந்த ஊழியர்கள் கூலியில்லாமல் வேலை செய்தார்கள். கம்பிக்குப் பணம் உண்டு, கைக்கு இல்லை!

இது அங்கே புதிதல்ல. 1981 ஆகஸ்டில் வேலை நேரத்தைக் குறை, சம்பளத்தை உயர்த்து என்று கோரி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டே நாளில் ஜனாதிபதி ரீகன் 11,000-க்கு மேற்பட்டவர்களை டிஸ்மிஸ் செய்தார். சீட்டைக் கிழிக்க ஒரு நாள் போதும்; அந்த நாற்காலியில் கைதேர்ந்த இன்னொருவனை உட்கார்த்த வருஷக்கணக்காகும்.

நம் நாட்டிலும், 2025 நவம்பர் 7 அன்று டில்லியில் திட்டங்களை அனுப்பும் சாதனம் பழுதாகி 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அங்கும் ஊழியர்கள் கையால்தான் வேலையை நகர்த்தினார்கள்.

ஆகவே யந்திரமே வேண்டாம் என்கிறோமா? இல்லை. பழைய யந்திரத்தைக் கட்டி அழுவதும் ஆபத்துதான். நாம் கேட்பது நாலு விஷயம். மாற்று யந்திரம் முதல் யந்திரத்தின் நகலாக இருக்கக் கூடாது. கிளப்பத் தெரிந்தவர் இரவும் பகலும் இடத்திலேயே இருக்க வேண்டும். கைவேலை தெரிந்தவர்களை 'உபரி' என்று அனுப்பிவிடாமல், அவர்களைக் கொண்டு புதியவர்களைப் பழக்க வேண்டும். யந்திரத்தின் பக்கத்தில் நிற்பவன் 'இது முனகுகிறது' என்று சொன்னால், நிர்வாகம் காதுகொடுக்க வேண்டும்.

நாளை ஷிப்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பகுதியில் யந்திரம் நின்றால் கையால் வேலையை நடத்தத் தெரிந்தவர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஓய்வுபெறப் போகிறவர் எத்தனை பேர், கற்றுக்கொள்ளும் இளைஞர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாளுடன் வாருங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடருவோம்.