டிஸ்க் விலகிய பிறகும் எடை தூக்கலாமா?

(குடும்ப நல அமர்வில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். நடுவயதைத் தாண்டியவர்கள், அதிலும் இடுப்பில் டிஸ்க் விலகியவர்கள், வெயிட் தூக்கிப் பயிற்சி செய்யலாமா என்பதுதான் விஷயம். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளிடம் பேச வேண்டியதை நம்மிடம் ஏன் பேசுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பைத் திரும்பிப் பாருங்கள். முன்பு இரண்டு மூன்று நாற்காலிகள் கிடந்த இடத்தில் இன்று ஒரு வரிசையே நிற்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் எண்பது வயதுக்காரர்களா? நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று சொல்கிறார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டால் "எல்4, எல்5" என்று பதில் வருகிறது. பிளாக் நம்பர் போல இந்த நம்பரும் நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதில் யாருக்கும் பேச்சில்லை. நாங்கள் கவலைப்படுவது வேறு. அந்த நாற்காலிக்குப் போனவர் அதன்பிறகு எதையுமே தூக்குவதில்லை. பேரப்பிள்ளை கை நீட்டினால் பின்வாங்குகிறார். ஜனாஸா போகும்போது சந்தூக்குக்குத் தோள் கொடுக்க மனம் இருந்தும் ஓரமாக நடக்கிறார். வலி கடுமையாக இருந்த முதல் மாதத்தில் டாக்டர் "வெயிட் தூக்காதீங்க" என்று சொன்னதை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் தொடை மெலிகிறது, வயிறு முன்னால் வருகிறது, சர்க்கரை ஏறுகிறது. பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

முதலில் டிஸ்க் என்றால் என்ன என்று பார்ப்போம். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை அது. நடுவில் கூழ், சுற்றிலும் நார் வளையங்கள். வயதாக ஆக நீர்ச்சத்து குறைந்து நார் விரிசல் விடும். கூழ் பிதுங்கி நரம்பின் வேரைத் தொட்டால் வலி இடுப்போடு நிற்காமல் பிட்டம், தொடை வழியாகப் பாதம் வரை இறங்கும். பிதுங்கிய டிஸ்க்தான் இதற்குக் காரணம் என்று 1934இல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். பிதுங்கியது அப்படியே நின்றுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கால் வலி நன்றாகத் தணிகிறது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கிப்போய் வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1994இல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்காவது புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. அவர்களெல்லாம் வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே ஸ்கேனில் தெரிவது ஒன்று, உங்கள் வலி ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

மருத்துவ உதவி கேட்டு எங்களிடம் வருகிற மனுக்களில் முதுகு ஆபரேஷனுக்கானவையும் இருக்கின்றன. நகையை அடகு வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறோம். கடுமையான கால் வலி இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷன். மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது உண்மை. ஆனால் ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷன் கூடாது என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு யோசிக்க அவகாசம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

அவகாசமே இல்லாத நிலையும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சுளுக்கு எடுப்பவரிடமும், ஏறி மிதிப்பவரிடமும் போய் நேரத்தைக் கழிக்கவே கூடாது. வெட்கப்பட்டு மறைக்கிற சங்கதிகள் இவை என்பதால்தான் சபையில் இவ்வளவு பச்சையாகச் சொல்கிறோம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடல் இளைப்பது, கீழே விழுந்தபின் வருவது, இவற்றையும் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

இனி, படுத்துக் கிடப்பது. 1986இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு நாள், மீதிப் பேருக்கு ஏழு நாள் படுக்கை ஓய்வு சொன்னார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. குணத்தில் வித்தியாசம் இல்லை. நம் வீடுகளில் இன்னும் மாதக்கணக்கில் பலகையில் படுக்க வைக்கிறோம்.

சரி, எடைக்கு வருவோம். "நான் வெயிட் தூக்குவதில்லை" என்று சொல்லும் எவரும் நெய்வேலியில் குடித்தனம் நடத்த முடியாது. சமையல் கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ அளவில் வரும். அரிசி மூட்டை 25 கிலோ. பண்ருட்டிப் பலாப்பழத்தை வண்டியிலிருந்து இறக்கிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தில் டம்பர், டோசர் ஓட்டி வந்தவர்களுக்கு வருடக்கணக்கான உடல் அதிர்வும் சேர்ந்திருக்கிறது. இடுப்பு வலிக்கு அதுவும் ஒரு காரணம் என்று தொழில் மருத்துவம் ஏற்கிறது. இத்தனைக்கும் நடுவே இடுப்பைப் பழக்காமல் விட்டுவிட்டு, ஒருநாள் திடீரென்று 30 கிலோவைத் தூக்கினால் அது என்ன செய்யும்?

சுவீடனில் இடுப்பு வலிக்காரர்கள் 70 பேரில் ஒரு பிரிவினருக்கு மெதுவான கட்டுப்பாட்டுப் பயிற்சியும், இன்னொரு பிரிவினருக்குத் தரையிலிருந்து பாரத்தைத் தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சியும் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவினருக்குமே வலி குறைந்திருந்தது. வலி மிதமாக இருந்தவர்களுக்கே டெட்லிஃப்ட் நன்றாக ஒத்துவந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கால் வலி சுளீர் என்று இழுக்கும் நாட்களில் அதற்குப் போகக் கூடாது.

அந்த நாட்களில் நடைதான். நம் டவுன்ஷிப்பின் நிழல் சாலைகள் அதற்கென்றே அமைந்தவை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடப்பது நல்லது. வலி தணிந்ததும், கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்திய மூன்று பயிற்சிகள். மல்லாந்து ஒரு முழங்காலை மட்டும் மடக்கி, கைகளை இடுப்புக்குக் கீழே கொடுத்து, தலையையும் தோளையும் இம்மியளவு தூக்குவது ஒன்று. ஒருக்களித்து முழங்கை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது ஒன்று. குழந்தை தவழ்வதுபோல் இருந்து வலக் கையையும் இடக் காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது ஒன்று. எதிலும் பத்து வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

அடுத்து, மடங்கக் கற்பது. எல்லாமே இதில்தான் இருக்கிறது. நாம் குனியும்போது முதுகை வில்லாக வளைக்கிறோம். வளைய வேண்டியது இடுப்பு மூட்டு. ஒரு துடைப்பக் கட்டையை முதுகோடு வைத்துப் பிடியுங்கள். தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றும் அதைத் தொட்டபடியே பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனிய வேண்டும். இது எங்கோ பார்த்த நிலையாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? ருகூஉதான். நபிகளார் (ஸல்) அவர்களின் ருகூஉவில் முதுகு மட்டமாக இருக்கும், தலை உயரவும் செய்யாது தாழவும் செய்யாது என்று ஹதீஸ்களில் வருகிறது. தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சி என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் தினமும் பதினேழு முறை செய்கிற ஒன்றைச் சரியாகச் செய்தால் ஜிம் மாஸ்டர் ஒரு மாதம் சொல்லிக்கொடுப்பது நமக்கு முன்பே பழகியிருக்கும்.

அதற்குப் பிறகே பாரம். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் தண்ணீர் பிடித்தால் ஐந்து கிலோ. தரையிலிருந்து எடுக்காமல் முக்காலியின் மேல் வைத்து எடுங்கள். உடலை ஒட்டிப் பிடியுங்கள். பாரத்தோடு இடுப்பை முறுக்கித் திரும்பாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பிரஷர் உள்ளவர்கள் மூச்சைப் பிடிக்கக் கூடாது, தூக்கும்போது விட வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டலில் எல்லாப் பெரியவர்களுக்கும் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. மறுநாள் தசை வலித்தால் பயமில்லை. கால் வழியாக வலி முன்பைவிடக் கீழே இறங்கினால் எடையைக் குறைத்துவிடுங்கள். காலிலிருந்து ஏறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி.

எழுந்தவுடன் தூக்காதீர்கள். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகவே இருப்போம். முதல் இரண்டு மணி நேரம் முதுகை வளைக்காமல் இருந்தவர்களுக்கு வலி குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு வந்தது. வாளி, மூட்டை, செருப்புக்கு வளைந்து குனிவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயிற்சிக்கு அஸருக்குப் பிந்திய நேரம் தோதானது.

மீராபாய் சானுவை எல்லோருக்கும் தெரியும். 2017இல் உலக சாம்பியன். 2018இல் இடுப்பு வலியால் ஆசிய விளையாட்டுக்கே போகவில்லை. டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். மறுபக்கம், எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆன ரோனி கோல்மன், முதுகில் பல ஆபரேஷன்களுக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடக்கிறார். இருவரும் தொழில்முறை வீரர்கள், நமக்கு அளவுகோல் அல்லர். ஜிம்முக்குப் போகிற நாற்பத்தைந்து வயதுச் சகோதரர்களுக்கு மட்டும் ஒன்று: பக்கத்தில் நிற்கிற இருபது வயதுப் பையனின் எடையைப் பார்க்காதீர்கள்.

தாய்மார்களுக்கு. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்கிறது, பாரப் பயிற்சி எலும்புக்கும் நல்லது. நீங்கள் ஜிம் தேட வேண்டியதில்லை, அந்தத் தண்ணீர்க் கேன் அடுப்படியிலேயே இருக்கிறது. கிரைண்டர் குழவியைத் தூக்குவதற்கு முன் மகனைக் கூப்பிடுங்கள். அவனுக்கும் பழக்கமாகட்டும்.

இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. உங்கள் டாக்டர் குறிப்பிட்ட காரணத்துக்காகச் சொல்லியிருந்தால் அது வேறு.

அறக்கட்டளையின் ஏற்பாடு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வருகிற நோன்பில் கஞ்சி அண்டாவைக் கையால் தூக்குவது கிடையாது. சக்கர வண்டி செய்யக் கொடுத்தாயிற்று. குர்பானி இறைச்சியைப் பிரித்துச் சுமப்பதற்குச் சிறு பைகள்தான். ஜனாஸாவில் டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் சந்தூக்கைத் தரையிலிருந்து தூக்கும் இடத்தில் நிற்க வேண்டாம். தோளுக்கு ஏறிய பிறகு பத்து அடி வாங்கிக்கொள்ளுங்கள், நன்மை குறையாது. கபுருக்குள் இறங்கும் வேலையை வாலிபர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவர் இவற்றைச் செய்து காட்டுவார். பெண்களுக்குத் தனி நேரம். டாக்டர் சீட்டு, துடைப்பக் கட்டை, ஐந்து லிட்டர் கேன், மூன்றும் எடுத்து வாருங்கள். இஷாவுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, ஒளு செய்ய வேண்டியவர்கள் எழலாம். முழங்காலை ஊன்றி, முதுகை நிமிர்த்தி எழுந்திருங்கள்.

வஸ்ஸலாம்.