பகட்டும் பெருமிதமும்

(திருச்சிராப்பள்ளியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இம்மன்றத்துள் நுழையுமுன் வாயிலில் கட்டியிருந்த தட்டியைக் கண்டேன். அதில் என் படம் ஆளுயரம் நிற்கின்றது. நான் பேசவேண்டிய பொருளோ அப்படத்தின் காலடியில், கூர்ந்து நோக்கினும் படிக்கவியலாச் சிற்றெழுத்தில் கிடக்கின்றது. அக்கணமே உரைப்பொருளை மாற்றிக்கொண்டேன். இன்று ஒரு சொல்லைப் பற்றியே பேசுவேன். அச்சொல் 'பகட்டு'.

அத்தட்டியைக் காட்டி 'இஃது என்ன?' என்று கேட்டால், நம்மவருட் பலரும் 'ஆடம்பரம்' என்பர். அது வடசொல். முதற்கண் ஒருவகைப் பெரும்பறையையும் அதன் முழக்கத்தையும் யானையின் பிளிறலையும் குறித்துப் பின்னரே வீண்பெருமையைக் குறிக்கலாயிற்று. 'படாடோபம்' என்பதும் வடசொல்லே. பாம்பு படம் விரித்துக் காட்டுவது அதன் முதற்பொருள். 'டம்பம்', 'டாம்பீகம்' என்பன ஏமாற்றைக் குறிக்கும் வடசொல்வழி வந்தவை. டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது என்பதைத் தொல்காப்பியம் கற்றார் அறிவர்.

'பொருள் விளங்கினாற் போதாதா? எச்சொல்லாயின் என்ன?' என்பார் உளர். கேடு அங்கேதான் தொடங்குகின்றது. அயற்சொல் ஒன்று புகுந்தால், தமிழ்ச்சொல் ஒன்று வழக்கிழப்பதோடு நிற்பதில்லை. தமிழர் நுணுகிப் பிரித்துணர்ந்த கருத்துகளும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. காதைத் துளைப்பது ஆரவாரம். கண்ணை மயக்குவது பகட்டு. பகட்டுதல் என்றால் மினுக்கிக் காட்டுதல், மயக்குதல். தகுதியாற் பிறப்பது பெருமிதம். தொல்காப்பியர் பெருமிதத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்குமே அது பிறக்கும் களன்கள் என்றார். செல்வத்தை உவகைக்குக் களனாக்கினாரேயன்றிப் பெருமிதத்திற்கு ஆக்கினாரல்லர். இத்துணை நுண்ணிய வேறுபாட்டை மறந்து, எல்லாவற்றையும் 'ஆடம்பரம்' என்னும் ஒரே மூட்டைக்குள் திணித்துவிட்டோம். அதனாலன்றோ பகட்டையே பெருமிதம் என்று மயங்குகின்றோம்!

காவிரியின் அக்கரையில் திருவரங்கத்துத் தெற்கு வாயிலைப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாய் நின்றது, 1987-இல் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு நிறைவெய்தியது. அதனை நான் பகட்டு என்னேன். அவ்வுயரம் உழைப்பின் உயரம். அதே ஆற்றிடைத் தீவின் கீழைக்கோடியில், கரிகாலன் கட்டியதென வழிவழியாகப் போற்றப்படும் கல்லணை இருக்கின்றது. அதன் அடிக்கற்களை எவரும் காண்பதில்லை. ஆயினும், ஆழங்காணா மணலில் அடித்தளமிடும் வகையை அதனிடமிருந்தே கற்றதாக ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்பினார். வெளியே தெரியும் கோபுரத்திற்கும் பெருமிதம் உண்டு. தெரியாத அடிக்கல்லுக்கும் உண்டு. காட்சியன்று, பணியே அதன் அளவுகோல்.

பாவாணரை எண்ணிப் பாருங்கள். 1934 முதல் 1943 வரை இதே ஊரில் பள்ளித் தமிழாசிரியராய் இருந்தவர் அவர். அக்காலத்தில், 1940-இல், அவருடைய 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்தது. 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியை ஏற்று, அதன் முதல் மடலம் அச்சாகுமுன் 1981-இல் மறைந்தார். அவர் பெயரைத் தட்டிகளில் பொன்னெழுத்திற் பொறிக்கின்றோம். அவர் நூலை விரித்துப் படித்தோர் இம்மன்றத்தில் எத்துணைப் பேர்? கை தூக்கச் சொல்லவில்லை, நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற திங்கள் எனக்கொரு மணவழைப்பு வந்தது. தமிழ்முறைத் திருமணம், அயற்சொல் ஒன்றுமில்லை. படித்து மகிழ்ந்தேன். ஆனால், அதற்குப் பட்டுறை, பொன்முலாம், மூன்று மடிப்பு! பெண்ணின் தந்தை கடன் வாங்கியே அம்மணத்தை நடத்தினார் என்று பின்னர் அறிந்து வருந்தினேன். சொல் தூயது; செயல் பகட்டு. தமிழ்முறைத் திருமணமும் ஏழைத் தந்தையைக் கடனாளி ஆக்குமாயின், நம் கொள்கையை எவர் நம்புவர்? நாவினின்று ஆடம்பரத்தை நீக்கி வீட்டில் அதனைக் குடியேற்றுவது தனித்தமிழ் ஆகாது.

நிறைவாக ஒன்று. 'பகடு' என்றொரு பழந்தமிழ்ச் சொல் உண்டு. எருது என்பது பொருள். உருபேற்றால் அதுவும் 'பகட்டை' என்றே ஆகும். இடுக்கண் கண்டு கலங்காதவனுக்குத் திருவள்ளுவர் உவமை காட்டியது, தடைப்பட்ட இடமெல்லாம் தளராது வண்டியிழுக்கும் அப்பகட்டைத்தான். மினுக்கும் பகட்டு வேண்டுமா, இழுக்கும் பகடு வேண்டுமா? தேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்திற்குத் தட்டி வேண்டா. அத்தொகைக்கு அகரமுதலிகள் வாங்கி, உறையூர்ப் பிள்ளைகளின் கையிற் கொடுங்கள். நான் வந்து கற்பிக்கின்றேன். பகட்டை விடுவோம்; பகடாய் உழைப்போம்.