வலி நின்ற பிறகுதான் வேலை இருக்கிறது
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சபைகளிலிருந்து வந்திருக்கிற உங்களுக்கு நாங்கள் சொல்லப்போவது புதிதல்ல. வாரம் முழுவதும் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. சம்பளம் கைக்கு வந்த இரவு குடி. ஒரு நாள் மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி எடுத்து முதுகுவரை பாய்கிறது, வாந்தி நிற்பதில்லை. 'கேஸ்தான்' என்று சோடா கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆட்டோவில் தூக்கி வருகிறார்கள். பரிசோதித்தால், கணைய அழற்சி.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற ஓர் உறுப்பு. உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் அதுவே சுரக்கிறது. அழற்சி வரும்போது, குடலில் வேலை செய்யவேண்டிய செரிமான நீர் கணையத்தையே அரிக்கிறது. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். பெரும்பாலோர் டிரிப்ஸும் வலி மருந்தும் பெற்று, சில நாட்களில் எழுந்து வீடு திரும்புகிறார்கள்.

வலி நின்றதும் சுகமாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். 'இனி பீர் மட்டும்தான்' என்பார் ஒருவர். பீரிலும் பிராந்தியிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான். மீண்டும் மீண்டும் புண்படுகிற கணையம் தழும்பேறிச் சுருங்கும். உள்ளே கல்லும் படியும். பிறகு சாப்பிட்டது செரிக்காது, உடல் மெலியும், சர்க்கரை வியாதியும் வரும். அப்படிக் கெட்டுப்போன கணையம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

'குடியை விட்டுவிட்டேன் ஐயா, பீடி மட்டும்தான்' என்பார் இன்னொருவர். புகை நுரையீரலுக்குத்தான் கெடுதல் என்பது அவர் எண்ணம். குடிக்காதவருக்கும்கூடப் புகையினால் கணைய அழற்சியின் அபாயம் கூடுகிறது. ஆகவே இரண்டையும் விடவேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வியாதி வந்த எல்லாரும் குடித்தவர்கள் அல்ல. பித்தப்பைக் கல்லினாலும், இரத்தத்தில் கொழுப்பு மிகுவதாலும் இது வரும். படுக்கையில் இருப்பவரைக் காரணம் அறியாமல் நியாயந்தீர்க்க வேண்டாம்.

விடச் சொன்னால் விடுவார்களா என்று கேட்பீர்கள். ஃபின்லாந்தின் தாம்பரே நகர மருத்துவமனையில், குடியினால் முதல்முறை கணைய அழற்சி வந்த 120 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லாருக்கும் வார்டிலேயே ஒருமுறை ஆலோசனை தந்தார்கள். ஒரு பிரிவாரை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரவழைத்து, தாதி ஒருவர் உட்கார்ந்து பேசினார். இரண்டு ஆண்டுகளில், ஒருமுறை மட்டும் ஆலோசனை பெற்ற 61 பேரில் 13 பேருக்கு வியாதி திரும்பியது; தொடர்ந்து பெற்ற 59 பேரில் 5 பேருக்கே திரும்பியது. இது 2009இல் வெளியான ஆய்வு. புது மருந்து எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப விசாரித்த ஒரு மனிதர்தான் வித்தியாசம்.

நம் சென்னையிலேயே, சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். குடி ஒரு வியாதி, அதன் சிகிச்சையில் குடும்பத்துக்கும் பங்குண்டு என்பதை அந்த நிறுவனம் செய்து காட்டியது.

இனி உங்கள் பங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரை விருந்தில் 'ஒரு ரவுண்டுதானே' என்று அழைக்காதீர்கள். மற்றவர் அழைத்தால் தடுங்கள். மறுபரிசோதனை நாளை அவர் மனைவியிடம் கேட்டு, கூடவே வாருங்கள். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவருக்கு அது பெரிய பலம். தவறி மறுபடி குடித்தாலும், வெட்கத்தால் ஒளிந்துகொள்ளாமல் திரும்பி வரும்படி வாசலைத் திறந்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: தினமும் அதிகமாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். குடியை விட 14446, புகையை விட 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்களில் ஆலோசனை கிடைக்கும்.

நீங்கள் அனுப்புகிற காணிக்கை டிரிப்ஸுக்கும் கட்டிலுக்கும் உதவுகிறது. அந்தக் கட்டிலுக்கு அதே மனிதர் திரும்பி வராதிருக்க, உங்கள் நேரமும் எங்களுக்கு வேண்டும்.