இறுதியில் வரும் வீரர்



நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு உள்ள செல்வாக்குப் போன்றதொரு செல்வாக்கு அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்னும் ஆட்டத்திற்கு உண்டு. அவ்வாட்டத்தில் விந்தையான தொழில் ஒன்று இருக்கிறது. அத்தொழிலுக்கு உரியவர் ஆட்டம் தொடங்கும்போது களத்தில் இரார். இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஒரு புறத்தே காத்திருப்பார். முடிவு நெருங்கும் வேளையில் வந்து, சில நிமிஷங்கள் பந்து வீசி, பிறர் தொடங்கிய வேலையை முடித்து வைப்பார். அவரை மாற்றுப் பந்து வீச்சாளர் எனலாம். இத்தொழிலில் ஒப்பாரின்றி விளங்கிய மரியானோ ரிவேரா என்பவரைப் பற்றி இன்று பேசுவோம்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கட்சிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு கட்சியாரும், மூவர் ஆட்டமிழக்கும் வரை, மட்டை பிடிப்பர். வீச்சாளர் ஓடி வருவதில்லை. நின்ற இடத்திலிருந்தே ஏறத்தாழ 60 அடி தூரத்திற்குப் பந்தை வீசுவார். கிரிக்கெட்டில் போல ஓவருக்கு ஒருவராக மாறுவதும் இல்லை. ஒருவரே தொடர்ந்து வீசுவார். கை சோர்ந்தால் மற்றொருவர் வருவார். விலகியவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் பந்து வீச இயலாது. கடைசியில் வருபவர் தம் கட்சியின் சிறிய முன்னணியைக் காத்து வெற்றி தேடித் தந்தால், அதனை ‘சேவ்’ என்று அவர் கணக்கில் எழுதுவர். 1969-ஆம் ஆண்டில்தான் இக்கணக்கு அதிகாரபூர்வமாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பனாமா நாட்டில் ரிவேரா பிறந்தார்.

அவர் வளர்ந்தது புவர்ட்டோ கைமிட்டோ என்னும் மீனவர் கிராமம். தந்தை மீன்பிடி படகின் தலைவர். மகனும் அப்படகில் உழைத்தவர். அங்கே சிறுவர்களுக்குக் கையுறை வாங்கப் பணம் ஏது? பால் அடைத்து வரும் அட்டைப் பெட்டியே கையுறை, மரக்கிளையே மட்டை. 1990-இல், இருபதாம் வயதில், நியூயார்க் யாங்கீஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர் ஆங்கிலம் அறியாதவராகவே அமெரிக்கா சென்றார்.

மறு ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் கழகத்தின் கீழ்நிலை அணியில் ஆடினார். பயிற்சியாளர் சொல்வது விளங்கவில்லை; உடன் ஆடுவோரிடம் பேச நா எழவில்லை. அழுதபடியே உறங்கச் சென்றதுண்டு என்று பின்னாளில் அவரே கூறினார். ஆட்டத்தில் குறை இல்லை; மொழிதான் இல்லை. உடன் ஆடுவோரையே ஆசிரியர்களாகக் கொண்டு ஆங்கிலம் கற்றார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவருடைய சாதனைகள் அனைத்திலும் இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. காய்கறிக் கடையில் விலை கேட்பதற்கு விரல்களை மட்டுமே நம்பியிருந்த நாட்கள், ஊர் விட்டு வந்த நம்மில் பலருக்கும் இருந்தன அல்லவா?

1992-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1995-இல் முதல்நிலை அணியில் இடம் கிடைத்தது. தொடக்க வீச்சாளராக அவர் சோபிக்கவில்லை. ஆகவே பின்னால் வந்து வீசும் பணியை அளித்தனர். 1997 முதல் கடைசி இன்னிங்ஸ் அவர் பொறுப்பாயிற்று.

அந்த ஆண்டின் இடையில், வழக்கமான பயிற்சியின்போது, அவர் வீசிய பந்து நேராகச் செல்லாமல் இறுதிக் கணத்தில் இடப்புறமாக விலகலாயிற்று. பயிற்சியாளரும் அவரும் இதைப் பிழை என்றே கருதி, நேராக்கச் சில வாரங்கள் முயன்றனர், இயலவில்லை. பிறகு அப்படியே விட்டுவிட்டனர். அதுவே அவருடைய படைக்கலம் ஆயிற்று. இன்ன பந்துதான் வரப்போகிறது என்று எதிரிகள் அனைவரும் அறிவர். அறிந்தும் அடிக்க இயலாமல், மட்டைகள் முறிந்தனவேயன்றி ஓட்டங்கள் பெருகவில்லை.

ஆயினும் இத்தொழிலில் ஒரு கொடுமை உண்டு. தொடக்க வீச்சாளர் தவறினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். கடைசியில் வருபவர் தவறினால் ஆட்டமே முடிந்துவிடும். 2001 நவம்பர் 4 அன்று அரிசோனா அணியுடன் நடந்த உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் அதுவே நேர்ந்தது. அதற்கு முன் சாம்பியன் பட்டத்துக்கான போட்டிகளில் தொடர்ந்து 23 முறை முன்னணியைக் காத்திருந்தவர், அன்று ஒரே ஓட்ட முன்னணியோடு கடைசி இன்னிங்ஸை வீச வந்தார். தாமே எடுத்த பந்து ஒன்றைத் தவறாக எறிந்தார், ஆட்டம் சமனாயிற்று, பின்னர் தோல்வி.

தோற்றதால் நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம் நடக்கவில்லை. ஊர்வலம் நடந்தால் அதன் பிறகு புறப்படுவதாக இருந்த என்ரிக்கே வில்சன் என்னும் அணித் தோழர், பயணத்தை முன்னதாக மாற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசிலுள்ள தம் வீட்டுக்குப் போய்விட்டார். முன்பு அவர் இடம் பதிவு செய்திருந்த விமானம் நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 260 பேரும் மாண்டனர். தோற்றதே நல்லதாயிற்று, நண்பர் பிழைத்தார் என்பதே ரிவேராவின் சொல். தம் வாழ்வின் பெருந்தோல்வியை அந்தத் தராசில் வைத்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

2012 மே மாதம், 42-ஆம் வயதில், பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. அத்துடன் ஓய்வு பெறுவார் என எண்ணினர் பலர். அவரோ மறு ஆண்டு திரும்பி வந்து 44 ‘சேவ்’கள் பெற்றார். சென்ற ஊர்தோறும், மைதானங்களில் திரைமறைவில் உழைக்கும் ஊழியர்களைச் சந்தித்து நன்றி கூறினார். மின்னசோட்டா அணியினர் முறிந்த மட்டைகளைக் கொண்டே ஓர் ஆடும் நாற்காலி செய்து அவருக்குப் பரிசளித்தனர்.

2013 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் அவருடைய கடைசி ஆட்டம். வீச்சாளரை மாற்ற மேலாளர் வருவதே மரபு. அன்று நெடுநாள் தோழர்கள் ஆண்டி பெட்டிட், டெரெக் ஜீட்டர் இருவரும் வந்தனர். ரிவேரா பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அழுதார்.

19 பருவங்கள், ஒரே கழகம், ஐந்து உலகத் தொடர் வெற்றிகள், 652 ‘சேவ்’கள். 2019-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு வாக்களித்த 425 பேரும் அவரைத் தேர்ந்தெடுத்தனர். அதற்கு முன் எவரும் ஒருமனதாகத் தேர்வு பெற்றதில்லை.

தொடங்கி வைப்பவர் பெயரை உலகம் எளிதில் நினைவில் வைக்கும். அலுவலகத்தில் கோப்பை முடிப்பவர், திருமண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பரிமாறுபவர், ஆலையில் இரவு முறை பார்ப்பவர் ஆகியோரின் பெயர்களை அவ்வளவாக வைப்பதில்லை. முடித்து வைப்பவரின் உழைப்பையும் எண்ணிக் கணக்கில் எழுதும் வழக்கம் ஓர் ஆட்டத்திலேனும் இருக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.