கடலில் இட்ட முதல்

குளத்தூர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பொழியூர் தொடங்கி வர்க்கலை வரை, 42 மீனவ ஊர்களின் கடலடியில் செயற்கைப் பார்கள் அமைக்கும் திட்டம் தொடங்கிற்று. மீன் தங்கி இனம் பெருக்குவதற்கான ஏற்பாடு இது. ஊர் ஒன்றுக்கு 150 கான்கிரீட் கூடுகள். மொத்தச் செலவு 13.02 கோடி ரூபாய், அதாவது ஊருக்கு 31 லட்சம். நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு கேரள அரசும் ஏற்பன. தூண்டிற்காரரிடம் காசு கேளாதது முறையே.

ஆயினும், மீன் பெருக்க இட்ட பணமெல்லாம் பலித்ததில்லை. நீலகிரி ஓடைகளில் டிரௌட் மீனை வளர்க்க 1863-இல் பிரான்சிஸ் டே செய்த முயற்சி வீணாயிற்று. பாரில் ஒதுங்கும் குஞ்சுகளைச் சிறுகண் வலையால் வாரிவிட்டால் இந்த 31 லட்சத்துக்கும் அதே கதிதான். கூடுகளை இறக்கும் செலவோடு, மீன் கூடிற்றா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும் செலவையும் அரசு ஒதுக்கவேண்டும் என்று நாம் கேட்போம்.